நீல் சிலை ஏன் இறக்கப்பட்டது? மவுண்ட் ரோட்டுப் பீடமும் தொரப்பள்ளிக்காரரும்

எங்காவது ஒரு சிலையை அகற்றினால் அல்லது உடைத்தால், உடனே இரண்டு குரல்கள் எழும்பும். "வரலாற்றை அழிக்கிறார்கள்" என்பது ஒன்று. "அடிமைச் சின்னம், போகட்டும்" என்பது மற்றொன்று. 2020இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் அடிமை வணிகர் கோல்ஸ்டனின் சிலையைக் கூட்டம் இழுத்துத் துறைமுகத் தண்ணீரில் தள்ளியபோதும், அதே ஆண்டு ராபர்ட் கிளைவின் சிலையை எடுக்கச் சொல்லி ஷ்ரூஸ்பரியில் மனு கொடுத்தபோதும், கிருஷ்ணகிரி டீக்கடை வரை இந்த இரண்டு குரல்களும் கேட்டன.

இந்தக் கேள்வி தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நாம் இதைச் சந்தித்து, போராடி, சிறைக்குப் போய், கடைசியில் சட்டப்படி முடிவும் எடுத்திருக்கிறோம். அந்த முடிவை எடுத்த அரசின் தலைவர் ராஜாஜி, ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர். எடுக்கப்பட்டது, சென்னை மவுண்ட் ரோட்டில் (இன்றைய அண்ணா சாலை) நின்ற கர்னல் நீலின் சிலை. அடிப்படையிலிருந்து ஆரம்பித்தால் விஷயம் தெளிவாகும்.

நினைவுச்சின்னம் என்றால் என்ன? நடுகல்லைப் பாருங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. ஏரிக்கரையிலும் வயல் ஓரத்திலும் நடுகற்கள் நிற்கின்றன. பல ஊர்களில் அவற்றுக்கு வேடியப்பன் என்று பெயர் வைத்து இன்றும் பொங்கல் வைக்கிறார்கள். வில்லும் கையுமாக ஒரு வீரன், மேலே அல்லது பக்கத்தில் நாலைந்து வரி வட்டெழுத்து.

அந்த வரிகளின் அமைப்பைக் கவனியுங்கள். எந்த அரசனுக்கு எத்தனையாவது ஆண்டு, யாருடைய சேவகன், பெயர் என்ன, என்ன செய்து இறந்தான். "தொறு மீட்டுப் பட்டான்" என்றால் கவர்ந்து போகப்பட்ட மாட்டு மந்தையை மீட்டு உயிர்விட்டான் என்று பொருள். கடைசியில் "கல்" என்று முடியும். அதாவது இன்ன காரியத்துக்காக இந்தக் கல்.

ஆகவே ஒரு நினைவுச்சின்னத்தில் இரண்டு விஷயங்கள் சேர்ந்திருக்கின்றன. இப்படி ஒருவர் இருந்தார், இது நடந்தது என்பது தகவல். அது போற்றத்தக்கது, எல்லோரும் பார்க்கும் இடத்தில் நிற்க வேண்டியது என்பது தீர்ப்பு. தகவல் ஏட்டிலும் கடிதத்திலும் அரசுக் கோப்பிலும் இருக்கும். தீர்ப்புக்குத்தான் கல்லும் வெண்கலமும் நடுத்தெருவும் தேவைப்படுகின்றன. சிலைச் சண்டைகளில் வரும் குழப்பத்தில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் வருவதுதான்.

யார் இந்த நீல்?

ஜேம்ஸ் ஜார்ஜ் ஸ்மித் நீல், 1810இல் ஸ்காட்லாந்தின் அயர் பகுதியில் பிறந்தவர். 1827இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் சேர்ந்தார். அவருடைய பிரிவு மெட்ராஸ் ஃப்யூசிலியர்ஸ். பெயரில் மெட்ராஸ் இருந்தாலும் அது ஐரோப்பியச் சிப்பாய்களின் படை. இரண்டாம் பர்மியப் போர் முடிந்து, கிரைமியப் போரில் துருக்கிப் படையோடு வேலை பார்த்துத் திரும்பியவர், 1857 மே மாதம் வடக்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததும் தன் படையோடு கப்பலில் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். அதற்கப்புறம் அவர் உயிரோடு இருந்தது நான்கு மாதம்தான். 1857 செப்டம்பர் 25 அன்று லக்னோவில், ஒரு நுழைவாயில் வளைவிலிருந்து வந்த குண்டு பட்டு இறந்தார். வயது 47. சிலை இந்த நான்கு மாதத்துக்காகத்தான் வைக்கப்பட்டது.

தேதிகளை வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும்

நீலுக்கு ஆதரவாகக் காலம்காலமாகச் சொல்லப்படும் வாதம் ஒன்று உண்டு. கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள், அந்த ரத்தத்தைப் பார்த்த கோபத்தில்தான் நீல் கொடுமை செய்தார் என்பது அது. கேட்க நியாயம் போலத் தெரியும். தேதிகளைப் பார்த்தால் கதை வேறு.

1. ஜூன் 4, காசி. இந்தியச் சிப்பாய்களிடமிருந்து ஆயுதத்தைப் பறிக்கும் நடவடிக்கை குளறுபடியில் முடிந்து, அதுவரை கலகம் செய்யாத சீக்கியப் படைப்பிரிவின் மேலும் சுடும் நிலை வந்தது. அதைத் தொடர்ந்து நகரத்திலும் சுற்றிலும் தூக்குமரங்கள் நின்றன.

2. ஜூன் 11, அலகாபாத். அங்கே சிப்பாய்கள் சில நாள் முன்பு எழுந்து தங்கள் அதிகாரிகளைக் கொன்றிருந்தார்கள். நீல் வந்து கோட்டையைக் கையில் எடுத்தார். பிறகு நகரமும் சுற்று வட்டார ஊர்களும் எரிந்தன. கலகத்தில் சேர்ந்தவர் யார், சேராதவர் யார் என்று பிரித்துப் பார்க்கும் விசாரணை பெயரளவுக்கே இருந்தது.

3. ஜூன் 27, கான்பூர் சதிசௌரா படித்துறை. சரணடைந்து படகேறிய ஆங்கிலேயர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். உயிர் தப்பிய பெண்களும் குழந்தைகளும் சிறை வைக்கப்பட்டார்கள்.

4. ஜூன் 30, அலகாபாத். மேஜர் ரெனோ தலைமையில் ஒரு படையைக் கான்பூர் நோக்கி நீல் அனுப்பினார். அவர் கையில் கொடுத்த எழுத்துபூர்வ உத்தரவில், சில ஊர்களைக் குறிப்பிட்டு அவற்றை அழித்து, அங்குள்ள ஆண்கள் எல்லோரையும் கொல்லும்படி இருந்தது. ஃபதேபூரில் பட்டாணியர் குடியிருப்பை மக்களோடு அழிக்கச் சொன்னது. படித்துறைச் செய்தி அலகாபாத்துக்கு உறுதியாக வந்து சேரும் முன்பே இந்தப் படை கிளம்பிவிட்டது.

5. ஜூலை 15, கான்பூர் பீபிகர். சிறையிலிருந்த பெண்களும் குழந்தைகளும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். எந்தக் காரணத்தாலும் நியாயப்படுத்த முடியாத படுகொலை இது.

6. ஜூலை 25, கான்பூர். நீலின் பேர்போன உத்தரவு. தண்டனை பெற்றவர் தூக்குக்கு முன்னால் பீபிகர் தரையில் உறைந்திருந்த ரத்தத்தில் ஒரு பகுதியைத் தன் கையால் துடைக்க வேண்டும், மறுத்தால் சவுக்கடி. சாகிறவனின் சாதி ஆசாரத்தையும் மத நம்பிக்கையையும் கெடுத்து அனுப்புவதே நோக்கம் என்பதை நீல் மறைக்கவில்லை.

காசியும் அலகாபாத்தும் ரெனோவுக்குக் கொடுத்த உத்தரவும் பீபிகருக்கு முன்னால் நடந்தவை. பின்னால் நடந்த ஒன்றை முன்னால் நடந்ததற்குக் காரணமாகச் சொல்ல முடியாது. நீல் பழிவாங்கினார் என்ற விளக்கம் ஆறாவது புள்ளிக்கு வேண்டுமானால் பொருந்தும். ஒன்று, இரண்டு, நான்காம் புள்ளிகளுக்குப் பொருந்தாது.

"அந்தக் காலத்தில் அது சகஜம்" என்ற வாதம்

இது அடுத்த வாதம். இன்றைய அளவுகோலை வைத்து 1857ஐ அளக்கக் கூடாது என்பார்கள். பொதுவாக நல்ல எச்சரிக்கைதான். ஆனால் நீல் விஷயத்தில் அன்றைய அளவுகோலே கைவசம் இருக்கிறது.

கவர்னர் ஜெனரல் கானிங், 1857 ஜூலை 31 அன்று ஒரு தீர்மானம் வெளியிட்டார். விசாரணை இல்லாமல் கண்டபடி தூக்கிலிடுவதையும் ஊர்களை எரிப்பதையும் கட்டுப்படுத்துவது அதன் சாரம். அதற்காக அவரை இங்கிலாந்துப் பத்திரிகைகள் "கருணை கானிங்" என்று கேலி செய்தன. கான்பூருக்குப் பிற்பாடு வந்த தலைமைத் தளபதி காலின் கேம்பல், ரத்தம் துடைக்கும் உத்தரவை நிறுத்தினார். இருவரும் இந்தியாவின் நண்பர்கள் அல்ல, பேரரசைக் காப்பாற்ற வந்தவர்கள். அவர்களுக்கே அது எல்லை மீறல் என்று தெரிந்தது. ஆக, நீலை நாம் இன்றைய கண்ணால் மட்டும் பார்க்கவில்லை. அவர் காலத்து மேலதிகாரிகளின் கண்ணாலும் பார்க்கிறோம்.

வடக்கே செய்ததற்குச் சென்னையில் ஏன் சிலை?

நீல் சென்னைப் படையின் அதிகாரி. 1857இல் சென்னை மாகாணம் பெரிய அளவில் எழவில்லை. இங்கிருந்த ஐரோப்பியர்களுக்கு, வடக்கே பெயர் வாங்கிய "நம் ஆள்" அவர். அவர்களுடைய நன்கொடையில், மாத்யூ நோபிள் என்ற இங்கிலாந்துச் சிற்பி வார்த்த வெண்கலச் சிலை, அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குள் மவுண்ட் ரோட்டில் நிறுத்தப்பட்டது. அதே சிற்பி செய்த இன்னொரு நீல் சிலை அவருடைய சொந்த ஊரான அயரில் இருக்கிறது.

பீடத்து வாசகத்தைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வங்காளத்தில் கலகத்தின் வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று அனைவராலும் ஒப்புக்கொள்ளப்பட்டவர், லக்னோ மீட்பில் புகழோடு வீழ்ந்தார்.

"அனைவராலும்" என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். யார் அந்த அனைவரும்? மவுண்ட் ரோட்டில் தினமும் அந்தப் பீடத்தைக் கடந்து போன வண்டிக்காரரும் குமாஸ்தாவும் பூக்காரியும் அதில் உண்டா? அலகாபாத் பக்கத்தில் ஊர் எரிந்து ஓடியவர்கள் உண்டா? நன்கொடை போட்ட ஒரு சிறு கூட்டத்தின் தீர்ப்பை ஊரின் தீர்ப்பாகக் கல்லில் எழுதிவிட்டார்கள். வேடியப்பன் கல்லை நட்டவர்கள் அவனை இழந்த ஊர்க்காரர்கள். நீல் சிலையை நட்டவர்கள், அந்த ஊரை ஆண்டவர்கள். என்னைப் பொறுத்தவரை, இந்தச் சிலையில் மாற்ற முடியாத குறை இதுதான்.

1927: சுத்தியலும் கோடரியும்

அறுபது ஆண்டுகளுக்கு மேல் சிலை நிம்மதியாக நின்றது. 1927 ஆகஸ்டில் மதுரையைச் சேர்ந்த முகமது சாலியா, சுப்பராயலு நாயுடு என்ற இரண்டு தொண்டர்கள் சுத்தியலும் கோடரியுமாகச் சிலையைத் தாக்கிக் கைதானார்கள். திருநெல்வேலி சோமயாஜுலு போராட்டத்தை நடத்தினார். ஒரு குழு சிறைக்குப் போனதும் அடுத்த குழு வந்தது. சோமயாஜுலு கைதானபோது பொறுப்பை ஏற்க முன்வந்த இளைஞர்களில் விருதுநகர் காமராஜரும் ஒருவர்.

கடலூர் அஞ்சலை அம்மாள் வந்ததுதான் இதில் மனதைத் தொடும் கட்டம். தன் சிறு மகள் அம்மாக்கண்ணுவையும் கூட்டிக்கொண்டு போராடிச் சிறைக்குப் போனார். அந்தச் சிறுமியைச் சந்தித்த காந்தி, லீலாவதி என்று பெயர் மாற்றி, பின்னர் தன் ஆசிரமத்துக்கே அழைத்துக்கொண்டார்.

காந்திக்கு இந்தப் போராட்டத்தில் ஒரு சங்கடம் இருந்தது. உலோகத்தை அடிப்பது வன்முறையா? செப்டம்பரில் சென்னை வந்தபோது தொண்டர்களோடு பேசினார், பத்திரிகையிலும் எழுதினார். சிலையை அகற்றக் கேட்பது நியாயம், ஆனால் அகிம்சை மீறக் கூடாது என்பது அவர் நிலை. விரைவிலேயே சைமன் கமிஷன் எதிர்ப்பு வந்து எல்லோருடைய கவனத்தையும் இழுத்துக்கொண்டது. சிலை நின்றது.

1937: தொரப்பள்ளியிலிருந்து வந்த முடிவு

ராஜாஜி 1878இல் தொரப்பள்ளியில் பிறந்தார். அவருடைய அப்பா ஊர் முன்சீப். அன்றைக்கு அது சேலம் மாவட்டம். 1965இல் தருமபுரியும் 2004இல் கிருஷ்ணகிரியும் தனி மாவட்டங்களானபின் ஊர் இப்போது கிருஷ்ணகிரி மாவட்டக் கணக்கில் வருகிறது. பிறந்த வீட்டை அரசு நினைவில்லமாகப் பராமரிக்கிறது.

1937 தேர்தலில் காங்கிரஸ் வென்று, ஜூலை 14 அன்று ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமரானார் (இன்றைய முதலமைச்சர் பதவிக்கு அன்று அதுதான் பெயர்). 1937 என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது மதுவிலக்குதான். அக்டோபர் 1 அன்று அது நாட்டுக்கே முன்னோடியாகச் சேலம் மாவட்டத்தில், அதாவது இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் சேர்ந்த பகுதியில் தொடங்கியது. ராஜாஜியின் மற்ற முடிவுகள் சிலவற்றோடு, கட்டாய இந்தி உட்பட, கடுமையாக முரண்படுகிறவர்கள் இங்கே நிறையப் பேர். அது தனி விவாதம்.

அதே 1937இல், சென்னை மாநகராட்சி தீர்மானம் போட, ராஜாஜி அரசு நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து எடுத்தது. சிலையை உருக்கவில்லை, கடலில் போடவில்லை. அது பிற்பாடு எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மேலே பார்த்த பிரிவினையை வைத்துச் சொன்னால், தீர்ப்பு திரும்பப் பெறப்பட்டது, தகவல் பத்திரமாக வைக்கப்பட்டது. நீலைப் பற்றிப் படிக்க விரும்புகிறவர் இன்றும் படிக்கலாம், சிலையையும் பார்க்கலாம். "எடுத்தால் வரலாறு அழியும்" என்ற அச்சத்துக்கு இதைவிட நேரடியான பதில் எனக்குத் தெரியவில்லை.

அப்படியானால் மன்றோ மட்டும் ஏன் நிற்கிறார்?

நல்ல கேள்வி. தருமபுரிக்காரர்கள் கேட்டே ஆக வேண்டிய கேள்வியும்கூட. சென்னைத் தீவுத்திடலில் சேணமும் அங்கவடியும் இல்லாத குதிரைமேல் 1839இலிருந்து உட்கார்ந்திருக்கும் தாமஸ் மன்றோ, நம் மண்ணில் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர்.

அதற்கு முன் அன்றைய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ். மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792இல் திப்பு சுல்தான் தன் நாட்டில் பாதியையும் 3 கோடியே 30 லட்சம் ரூபாயையும் கொடுக்க ஒப்புக்கொண்டு, இரண்டு சிறு மகன்களைப் பணயமாக அனுப்பினார். கைமாறிய பாதியில் பாராமகாலும் ஒன்று. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர் வட்டாரத்தின் அன்றைய பெயர் அது. (ஓசூர்ப் பக்கம் கம்பெனி கைக்கு வந்தது 1799இல், திப்பு இறந்த பிறகு.) காரன்வாலிஸ் சிலையின் பீடத்தில் அந்தச் சிறுவர்கள் ஒப்படைக்கப்படும் காட்சி செதுக்கப்பட்டிருக்கிறது. நம் மாவட்டம் கைமாறிய கதையின் கல் சாட்சி அது. சென்னையில் இடம் மாறி மாறி வைக்கப்பட்ட அந்தச் சிலையும் இப்போது கோட்டை அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது.

பாராமகாலை நிர்வகிக்க அலெக்சாண்டர் ரீடும் அவருக்கு உதவியாக மன்றோவும் வந்தார்கள். இருவரும் ராணுவ அதிகாரிகள். வயலை அளந்து, ஒவ்வொரு உழவரிடமும் நேரடியாக வரி வாங்கும் ரயத்துவாரி முறைக்கு இங்கேதான் வித்திட்டார்கள். இடையில் ஜமீன்தார் இல்லை என்பது அதன் நல்ல பக்கம். வரிச்சுமை கடுமையாக இருந்ததும், கட்ட முடியாதவர் நிலத்தை இழந்ததும் மறுபக்கம். தருமபுரியில் தான் போட்ட தோட்டத்தைப் பற்றிக் கடிதங்களில் ஏக்கத்தோடு எழுதிய மன்றோ, 1820 முதல் சென்னை கவர்னராக இருந்து, 1827இல் பத்திகொண்டாவில் காலராவில் இறந்தார். இந்தியர்கள் ஒருநாள் தங்களைத் தாங்களே ஆளும் நிலை வர வேண்டும் என்று 1824இல் அரசுக் குறிப்பில் எழுதியவரும் அவர்தான்.

அவரும் கம்பெனியின் ஆள்தான், நம் நிலத்துக்கு அளவுகோலோடு வந்தவர்தான். அவருடைய சிலையை எடுக்க வேண்டும் என்று யாராவது வாதாடினால் காது கொடுத்துக் கேட்க வேண்டும். ஆனாலும் நீலுக்கும் அவருக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மன்றோவை மதிக்க, அவருடைய நிர்வாகத்தின் பிழைகளை மறைக்கத் தேவையில்லை, இரண்டையும் சேர்த்தே சொல்லலாம். நீலின் நான்கு மாதத்தில் காசியையும் அலகாபாத்தையும் கழித்துவிட்டால் புகழ மிஞ்சுவது எதுவுமில்லை. "கலகத்தின் வெள்ளத்தைத் தடுத்தார்" என்று பீடம் சொல்வதே அந்தத் தூக்குமரங்களைத்தான்.

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வரும்போது

முதலில் கேட்க வேண்டியது, சிலை எந்தச் செயலுக்காக வைக்கப்பட்டது என்பது. அந்த மனிதர் நல்லவரா கெட்டவரா என்பது அடுத்தது. இரண்டாவது, யார் பணம், யார் முடிவு. மூன்றாவது, அகற்றச் சொல்கிறவர்கள் எந்த வழியில் கேட்கிறார்கள், எடுத்தபின் எங்கே வைப்பார்கள். ஷ்ரூஸ்பரி பகுதியின் கவுன்சில் விவாதித்து, கிளைவ் சிலை இருக்கட்டும் என்று முடிவுசெய்தது. அந்த முடிவோடு நமக்கு உடன்பாடு இல்லாமல் இருக்கலாம், ஆனால் பேசி எடுத்த முடிவு.

இன்னொன்று. சாலை நடுவில், போக்குவரத்துக்கு இடைஞ்சலாகப் புதுச் சிலை வைக்க அனுமதிக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அது யாருடைய சிலை என்ற கேள்வி அல்ல, எந்த இடம் என்ற கேள்வி. நம் ஊர்களில் நடக்கும் பல சிலை வழக்குகள் இந்த வகை. இவற்றையும் நீல் வகை விவாதத்தையும் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை.

நீலின் பெயர் சென்னையை விட்டுப் போன பிறகும் அந்தமானில் ஒரு தீவுக்கு இருந்தது. 2018 டிசம்பரில் அது ஷஹீத் தீவு என்று மாற்றப்பட்டது. அயரில் சிலை நிற்கிறது, அதை என்ன செய்வது என்பது அந்த ஊர்க்காரர்கள் பாடு.

தருமபுரியில் இன்னொரு நினைவுச்சின்னத்தின் கதை உண்டு. சுப்பிரமணிய சிவா 1908இல் வ.உ.சி.யோடு சிறைப்பட்டு, சிறையில் தொழுநோய் வாங்கி, ரயிலில் ஏறத் தடை வந்ததால் ஊர் ஊராக நடந்தே போனவர். பாப்பாரப்பட்டியில் பாரத மாதாவுக்கு ஆலயம் எழுப்ப நினைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று சிவா அங்கேயே இறந்தபோது கட்டடம் எழும்பியிருக்கவில்லை. நீல் இறந்து நான்கு ஆண்டுக்குள் லண்டனிலிருந்து வெண்கலம் வந்து சேர்ந்தது. பாப்பாரப்பட்டியில் அரசு அந்த நினைவாலயத்தைக் கட்டி முடித்தபோது, அடிக்கல் நாட்டித் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.